ஒரு கட்டைவிரலைத் துள்ள வைத்த காயில்

போன மாதம் ரபீக் ஒரு படம் அனுப்பினான். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனக்குப் பிறகு என் மேசையைப் பிடித்துக்கொண்டவன் அவன். படத்தில் ஏதோ மருத்துவக் கருவியின் காயில், அதாவது கம்பிச் சுருள், உறையைப் பிரித்துவைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையம். நடுவில் செம்புப் பட்டைக் கம்பி நெருக்கியடித்து நிற்கிறது. ஓரத்துக்குப் போகப் போகப் பட்டை அகலமாகிறது. இரண்டு பக்கமும் தலையை அணைக்கிற மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைஞ்சதாம். நீங்க அந்த இலங்கை டாக்டரம்மாவுக்குச் செஞ்சது மாதிரியே இருக்கே! எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்களேன். இங்க எவனும் நம்ப மாட்டேங்கான்."

கம்ப்யூட்டருக்கு என் வாழ்த்துகள். அது நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தலை அளவுக்குத் தர்பூசணி தேடி அலைந்திருக்காது. அந்த வகையில் அது என்னைவிடக் கெட்டிக்காரன்தான். கேட்டதற்காக எழுதுகிறேன். ஆனால் காயிலைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் என்னால் முடியாது. அதில் என் கட்டைவிரலும் வரும், நான் சொன்ன ஒரு பொய்யும் வரும்.

படிப்பையும் பயிற்சியையும் நாலு வரியில் முடித்துவிடலாம். எங்கள் குடும்பத்துக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடல் தொழில். எனக்கோ படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஊர் சிரித்த சிரிப்பில் ஐ.டி.ஐ.க்கு ஓடிப்போய் எலக்ட்ரீஷியன் படித்தேன். மும்பையில் மூன்று வருடம் மோட்டார் கட்டிவிட்டு ஷார்ஜா வந்தேன். அங்கே முவைலாப் பகுதியில் ஒரு ரூமில் ஆறு பேர். புஜைரா துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் பம்பு மோட்டார்கள்தான் எங்கள் கடைக்குச் சோறு போட்டன. உப்புக்காற்று தின்று எரிந்துபோன மோட்டார்கள். கடலைவிட்டு ஓடி வந்தவனைக் கடல் இப்படிப் பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டது.

எரிந்த மோட்டார் வந்தால் முதல் வேலை எண்ணுவது. இரும்பில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் ஆரம்பம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பழைய கம்பியை உளியால் வெட்டி எடுத்து, இன்சுலேஷன் தாள் வைத்து, புதுக் கம்பியை இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வேகவைக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வெட்டும்போது உளியின் தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்து, என் இடது காதுக்கு மேலே தோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நெல்லில் பாதி அளவு இருக்கும். காப்பித்தூளை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். காயம் ஆறிவிட்டது, சில்லு குடியிருந்துவிட்டது.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று வளைகுடாவில் இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு மெடிக்கல் என்றால் நோயைக் கண்டுபிடிக்கும் இடம் இல்லை, விசாவைக் காப்பாற்றிக்கொள்ளும் இடம். ஊரிலேயே ஏஜென்ட் ஓதிவிடுவான்: "என்ன கேட்டாலும் 'இல்லை'ன்னு போடு." காமாலை உண்டா? இல்லை. நெஞ்சு வலி உண்டா? இல்லை. எங்கள் ரூமில் ஒருவர் படிவத்தைப் படிக்காமலே வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே போய், "தாங்கள் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறீர்களா?" என்ற கடைசிக் கேள்விக்கும் 'இல்லை' போட்டுவிட்டு வந்தார். அதற்கும் விசா அடித்துக் கொடுத்தார்கள் என்பதுதான் அதிசயம்.

டாக்டர் பவானி எங்கள் கடைக்கு வந்தது இரண்டாயிரங்களின் நடுவில். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் படித்துவிட்டு ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் மூளை நரம்பு ஆராய்ச்சிப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உருவம். கிரீஸ் தரையில் செருப்பு வழுக்காமல் நடந்து வந்து, துணிப்பையிலிருந்து எரிந்துபோன ஒரு காயிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆர் இங்க காயில் சுத்துறது?"

நான் கையைத் தூக்கினேன்.

"இதில ரெண்டு வளையமும் எதிரெதிராச் சுத்தியிருக்கு. ஏன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"மோட்டார்லயும் பக்கத்துப் பக்கத்துக் காயில் எதிரெதிராத்தாம்மா வரும். இப்படிச் சுத்துனா ரெண்டும் சேருற எடத்துல கரண்டு ஒரே பக்கமா ஓடும். அடி நடுவுலதான் விழும். ஆனா இதுல இரும்பைக் காணோமே, உருவிட்டாங்களா?"

"இரும்பு இல்லை. கம்பி மட்டும்தான்."

இரும்பு இல்லாத காயில் எனக்கு உப்பில்லாத கஞ்சி மாதிரி. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நாளைக்கு வாங்கோ" என்றார். எங்கள் முதலாளியிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள் என்னை அந்த ஆராய்ச்சி அறைக்கு இரவல் வாங்கிக்கொண்டார்.

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. தலையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், இந்தக் காயிலைத் தலைமேல் வைத்து, கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சுவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளைக்குள் ஒரு சின்ன மின்சாரத்தைக் கிளப்பும். கையை ஆட்டும் இடத்துக்கு நேராக வைத்தால் எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். கருவியின் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏற்றலாம். எத்தனையில் விரல் துள்ளுகிறது என்பதுதான் காயிலுக்கு மார்க். எவ்வளவு குறைவில் துள்ளுகிறதோ அவ்வளவு நல்ல காயில்.

டாக்டரின் வழிமுறையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை. அவர் அறையில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். நடுவில் கோடு. இடது பக்கம் என்ன செய்யப் போகிறோம், வலது பக்கம் ஏன் செய்யப் போகிறோம். இரண்டையும் எழுதாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது. "எப்பவும் இப்படித்தாம்மா செய்வோம்" என்று ஒரு நாள் எழுதிவைத்தேன். அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, "இது காரணம் இல்லை, பழக்கம்" என்று எழுதியிருந்தார். எது சரியாக வந்தாலும் பாராட்டு கிடையாது. "திரும்ப" என்பார். மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் அவருக்கு அது வந்த கணக்கு. "ஒருக்கா வந்தா அது தற்செயல்" என்பார். என் மனைவி இருபது வருடத்தில் என்னைக் கொண்டுவர முடியாத ஒழுங்குக்கு அந்த அம்மா ஆறு வாரத்தில் கொண்டுவந்தார்.

ஆறு வாரத்தில் எல்லாம் முடிய வேண்டிய அவசரத்துக்குக் காரணம் முனியசாமி. ராமநாதபுரத்துக்காரர், முப்பத்தெட்டு வயது, கட்டடங்களில் சாரம் கட்டுகிறவர். சைட்டில் பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொருளைப் போல அதை அவர் இடது கையால் எடுத்து எடுத்து வைத்துக்கொள்வார்.

டாக்டர் அவருக்குப் பழைய காயிலை வைத்து நூறு வரை ஏற்றிப் பார்த்திருந்தார். விரல் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் காயிலும் எரிந்தது.

"விரல் ஒருக்கா அசைஞ்சுதெண்டால் மூளையிலயிருந்து கைக்குப் போற பாதை உயிரோட இருக்கு எண்டு அர்த்தம். பயிற்சி குடுத்தால் கை வரும்" என்று எனக்கு விளக்கினார். "அசையேல்லை. பாதை செத்திட்டுதோ, இல்லாட்டி என்ர காயிலுக்குத்தான் பலம் காணாதோ? எனக்குத் தெரியேல்லை. தெரியாமல் நான் என்னெண்டு எழுதுறது?"

எழுத வேண்டியது ஒரு கடிதம். கை வரும் என்று அவர் எழுதினால் முனியசாமியின் கம்பெனி மூன்று மாதம் இங்கேயே பிசியோதெரபிக்கு விட்டுவைக்கும். வராது என்றால் விசா கேன்சல், கையில் டிக்கெட், கலாஸ், கதை முடிந்தது. அவருடைய ஊரிலிருந்து இப்படி ஒரு பயிற்சிக்குத் தினமும் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. கடிதத்தை வாங்க, நான் போய்ச் சேர்ந்த ஆறாவது வாரம் வியாழக்கிழமை கம்பெனி ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் அதே கருவியில் இன்னும் பலமாக அடிக்கிற ஒரு காயில் வேண்டும்.

முதல் காயிலை நான் கட்டியது பார்க்க அவ்வளவு அழகு. மோட்டாருக்குக் கட்டுகிற மாதிரியே நூலால் பின்னி, வார்னிஷில் முக்கி, வேகவைத்துக் கொண்டுபோனேன். கருவியில் மாட்டி, யார் தலையிலும் வைக்காமல் மேசைமேல் வைத்து எண்பதில் ஒரு அடி. 'டப்' என்ற சத்தத்துக்குப் பதிலாக 'டமார்' என்று கேட்டது. வெளிச் சுற்று நூலை அறுத்துக்கொண்டு எழுந்து நின்றது. நான் மேசைக்கு அடியில் இருந்தேன். டாக்டர் நின்ற இடத்திலேயே நின்று நோட்டை நீட்டினார். "ஏன் எண்டு எழுதுங்கோ."

யோசித்து எழுதினேன். மோட்டாரில் கம்பியை இரும்புப் பள்ளம் பிடித்துக்கொள்கிறது. அத்தனை ஆயிரம் ஆம்பியரில் கம்பி ஒன்றையொன்று தள்ளும்போது இங்கே பிடிக்க யாரும் இல்லை. நூல் என்ன செய்யும் பாவம். இரண்டாவது காயிலைக் கண்ணாடி நாடா சுற்றி, எபாக்சிப் பசை ஊற்றி, கல்லாக இறுக வைத்தேன். அது வெடிக்கவில்லை. ஆனால் பழையதைவிட ஒரு பொட்டுக்கூடப் பலமும் இல்லை. வாரம் மூன்று முடிந்திருந்தது.

வழி கிடைத்தது கடையில்தான். புஜைரா பம்பு ஒன்றுக்குக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தேன். மோட்டாரில் பள்ளத்துக்குள் கிடக்கிற கம்பிதான் வேலை செய்யும். இரண்டு முனையிலும் வெளியே வளைந்து திரும்புகிற கம்பிக்கு ஒரு வேலையும் இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு மட்டும் வருகிற சொந்தக்காரர் மாதிரி, கரண்டைத் தின்று சூடாகும், அவ்வளவுதான். கையில் கம்பியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரின் காயிலில் வேலை நடப்பது நடுவில் மட்டும்தானே? மற்ற வட்டம் முழுக்க வளைந்து திரும்புகிற கம்பிதானே? அப்படியென்றால் ஏன் எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் கம்பி?

மறுநாள் நோட்டில் இரண்டு பக்கமும் நிரப்பினேன். நடுவில் பட்டையைக் குறுக்கி நெருக்கமாக அடுக்குவது. ஏனென்றால் அடி அங்கேதான். வெளியே பட்டையை அகலமாக்குவது. ஏனென்றால் கரண்டு சிரமமில்லாமல் திரும்பும், சூடு குறையும். தலைப்பக்க உறையை மெலிதாக்குவது. ஏனென்றால் பழைய காயிலில் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் கனத்த பிளாஸ்டிக் கிடந்தது, போர்வைக்கு மேலே சொறிந்துகொள்வது மாதிரி. கடைசியாக இரண்டு வளையத்தையும் தலைக்கு ஏற்றபடி வளைப்பது. ஏனென்றால் தலை தட்டையில்லை.

டாக்டர் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். "உறை மெலிஞ்சால் உள்ளுக்கு இருக்கிற வோல்டேஜுக்கும் ஆக்களின்ர தலைக்கும் இடையில என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மின்சாரம் தாண்டாத மைக்காத் தகடு என்றேன். கருவி கொடுப்பதைப்போல மூன்று மடங்கு வோல்டேஜில் சோதித்துக் காட்டச் சொன்னார். மூன்று தடவை.

வளைவுக்குத்தான் தர்பூசணி. என் தலையை டேப்பால் அளந்தேன், ஐம்பத்தேழு சென்டிமீட்டர். டேப்போடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்ப் பழம் பழமாக அளந்தேன். பெரியது எல்லாம் யானைத் தலை, சிறியது எல்லாம் பச்சைக் குழந்தைத் தலை. கடைக்காரப் பட்டாணியர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாய், யே கானே கா ஹை, பெஹன்னே கா நஹி" என்றார். இது தின்பதற்கு, மாட்டிக்கொள்வதற்கு இல்லையாம். ஒருவழியாக ஐம்பத்தேழு கிடைத்தது. அதன் மேல் பட்டையை வைத்துத் தட்டித் தட்டி வளைத்தேன். வேலை முடிந்ததும் ரூமில் ஆறு பேரும் என் தலையை வெட்டித் தின்றோம்.

காயில் தயார். ஐந்தாவது வாரம். எவ்வளவு நல்ல காயில் என்று பார்க்க ஆரோக்கியமான ஒரு கட்டைவிரல் வேண்டும். முனியசாமிக்குப் போகுமுன் அதை நிரூபிக்க வேண்டும் என்பது மருத்துவமனைக் குழுவின் விதி. நான் செய்த காயில், நானே உட்காருகிறேன் என்றேன். டாக்டர் படிவத்தைக் கொடுத்தார். வலிப்பு வந்ததுண்டா? தலையில் உலோகத் துண்டு ஏதேனும் உண்டா? கை தன்பாட்டுக்கு வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே போனது. நான் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. மெடிக்கல் படிவத்தைப் பார்த்தால் என் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

பழைய மாதிரிக் காயிலை எரிந்த இடம் சரிசெய்து வைத்திருந்தோம். அதில் என் விரல் துள்ளியது அறுபத்து மூன்றில். உங்கள் விரல் உங்களைக் கேட்காமல் துள்ளுவதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், அடுத்து லேசாகக் கோபம் வரும். புதுக் காயில் நாற்பத்தாறில் துள்ள வைத்தது. "திரும்ப" என்றார் டாக்டர். நாற்பத்தாறு. திரும்ப. நாற்பத்தாறு. மூன்று நாள் செய்தோம். ஒவ்வொரு அடிக்கும் இடது காதுக்கு மேலே ஒரு கட்டெறும்பு கடித்தது. "ஏதாவது செய்யுதோ?" என்று ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எறும்பு எதற்குக் கடிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை முனியசாமிக்குப் படிவம் நிரப்ப என்னை அனுப்பினார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் படிக்கப் படிக்க அவர் இடது கையால் கோடு போட வேண்டும். முதல் கேள்வியை நான் முடிப்பதற்குள் மூன்று கேள்விக்கு 'இல்லை' போட்டுவிட்டார்.

"இருங்க தம்பி, நான் படிக்கேன்லா. வலிப்பு எப்பமாவது வந்திருக்கா?"

"இல்லைன்னு போட்டாச்சுண்ணே."

"போட்டது கெடக்கட்டும். வந்திருக்கா?"

அவர் கதவைப் பார்த்தார். "சின்னப் புள்ளையில காய்ச்சல் வந்தப்ப ரெண்டு தடவ இழுத்துச்சுன்னு ஆத்தா சொல்லும். அதெல்லாம் எதுக்குண்ணே? மெடிக்கல்ல ஆமான்னா அனுப்பிருவாய்ங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இதில் பொய் சொன்னால் உங்கள் தலைக்கே ஆபத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். காதுக்கு மேலே கை போனது. எந்த முகத்தோடு சொல்வது? பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். படிவத்தை அப்படியே வைத்துவிட்டு நேராக டாக்டரின் அறைக்குப் போனேன்.

"அம்மா, என் தலையில ஒரு இரும்புச் சில்லு இருக்கு. அடிக்கப்ப எல்லாம் கடிச்சுது. நான் சொல்லல."

அவர் எழுந்து வந்து, காதுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நோட்டைத் திறந்து, என் மூன்று நாள் கணக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடிகோல் வைத்து நேராகப் போட்டார். அந்தக் கோடு இன்னும் எனக்கு வலிக்கிறது.

"ஏன் எண்டு எழுதுங்கோ."

வலது பக்கம் "பழக்கம்" என்று எழுதினேன். அவர் அதை அடிக்கவில்லை.

"அது நகர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு தெரியுமோ உங்களுக்கு? விசா போகும் எண்டு தலையைக் குடுக்கிறியளோ? தலை போனா விசாவை எங்க ஒட்டுறது?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். திட்டு என்றால் திட்டு. ஆனாலும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. முனியசாமியின் காய்ச்சல் வலிப்பையும் சொன்னேன். "குழந்தையில காய்ச்சலுக்கு வந்ததோ? அதைப் பற்றிப் பயமில்லை. சொன்னதால இனி நான் இடைவெளி விட்டு மெல்ல மெல்லச் செய்வன், பக்கத்தில இன்னொரு டாக்டரை வச்சிருப்பன். சொல்லாட்டித்தான் பயம்" என்றார்.

பிறகு மணியைப் பார்த்தார். வியாழனுக்கு இரண்டு நாள். நிரூபித்த காயில் நிரூபிக்காத காயிலாகிவிட்டது. இனி யார் தலை? அவர் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ர தலை." தனக்கும் ஒரு படிவம் எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்து நிரப்பினார். ஒற்றைத் தலைவலி உண்டா என்றதற்கு 'ஆம்' போட்டார். தூக்கம் குறைவா என்றதற்கும் 'ஆம்'. வயதை எழுதும்போது மட்டும் என் பக்கம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

பக்கத்து அறை டாக்டர் வந்து காயிலைப் பிடிக்க, நான் எண்ணைக் கூவினேன். பழையதில் ஐம்பத்தெட்டு. புதியதில் நாற்பத்து மூன்று. விரல் துள்ளும்போது டாக்டரே "ஐயோ" என்றார். பிறகு "திரும்ப." புதன்கிழமை மாலைக்குள் மூன்று முறை முடிந்தது. குழு கையெழுத்துப் போட்டது.

வியாழன் காலை முனியசாமியை உட்கார வைத்தோம். திருத்திய படிவத்தில் ஒரே ஒரு 'ஆம்' இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மேட்டில் இரண்டு ஸ்டிக்கர், அதிலிருந்து வயர், எதிரே தசையின் துடிப்பைக் காட்டும் திரையில் நேர்கோடு. கம்பெனி ஆள் வெளியே வராந்தாவில் ஃபைலோடு காத்திருந்தார்.

எழுபதில் ஒன்றுமில்லை. எண்பதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. தொண்ணூறில் கோடு தூங்கியது. நான் காயிலின் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முனியசாமி ஒவ்வொரு தடவையும் யாரும் கேட்காமலே, "ஒண்ணுமில்லம்மா, பிரச்சன இல்லம்மா" என்றார்.

தொண்ணூற்றாறு. "முனியசாமி, இப்ப சாரக் கம்பியை எட்டிப் பிடிக்கிறதா நினையுங்கோ. விழப் போறியள். பிடியுங்கோ!" என்றார் டாக்டர்.

டப்.

திரையில் கோடு ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. நான் திரும்பி விரலைப் பார்த்தேன். அசைந்ததா இல்லையா? பார்க்கத் தவறிவிட்டேன்! அத்தனை வாரம் உழைத்து, அந்த ஒரு நொடியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நல்லவேளை, அந்த அம்மா இருந்தார். "திரும்ப."

டப். பார்த்தேன். கட்டைவிரல் ஒரு நெல் அளவுக்கு உள்ளே மடங்கித் திரும்பியது. "திரும்ப." மூன்றாவது தடவையும் மடங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. முனியசாமி தன் கையையே அந்நியர் கை போல உற்றுப் பார்த்தார். "ஏதாவது செய்யுதோ?" என்று டாக்டர் கேட்டார். முனியசாமியின் வாய் பழக்கத்தில் 'ஒண்ணு' என்று தொடங்கி, நின்றது. "செய்யுதும்மா" என்றார். "என்னமோ செய்யுது."

டாக்டர் அங்கேயே நின்றபடி கடிதத்தை எழுதி, வராந்தாவில் இருந்தவரின் ஃபைலில் தன் கையாலேயே வைத்தார். அடுத்த வாரம் என்னை ஒரு சர்ஜனிடம் அனுப்பிச் சில்லை எடுக்க வைத்தார். பத்து நிமிட வேலை. விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதப் பயிற்சி முடிந்து ஊருக்குப் போகுமுன் முனியசாமி எங்கள் கடைக்கு வந்தார். சாரம் கட்டும் கை இனி இல்லை என்று அவருக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை வலது கையால் வாங்கினார். கொஞ்சம் சிந்தியது, ஆனாலும் விடவில்லை.

"இப்ப எப்படி இருக்கு தம்பி? ஏதும் கஷ்டம் உண்டா?" என்று கேட்டேன்.

"ஏண்ணே கேக்குறீங்க!" என்று ஆரம்பித்தார். காலையில் விரல் விறைக்கிறது, தோள் குத்துகிறது, சட்டைப் பித்தான் போட அரை மணி நேரமாகிறது, சோறு பிசைந்தால் பாதி தட்டுக்கு வெளியே போகிறது, அந்த பிசியோதெரபிக்காரப் பெண் ஈவிரக்கம் இல்லாதவள். டீ ஆறுகிறவரைக்கும் அடுக்கிக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக நான் இன்னொருவர் குறையைக் கேட்டதே இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, எனக்கும் அந்த அம்மாவின் பழக்கம் தொற்றிக்கொண்டது.

"திரும்பச் சொல்லுங்க தம்பி" என்றேன்.